செல்லுக்குள் தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது

தாவர செல், விலங்கு செல், பாக்டீரியா செல் மூன்றையும் வேறுபடுத்தி எழுது என்றால் அட்டவணை போட்டு யாராலும் எழுதிவிட முடியும். செல் சுவர் இதில் உண்டு, அதில் இல்லை. உட்கரு இங்கே உண்டு, அங்கே இல்லை. பசுங்கணிகம், சென்ட்ரியோல், பெரிய நுண்குமிழ் என்று கட்டம் கட்டமாக நிரப்பிக்கொண்டே போகலாம். நானும் அப்படித்தான் படித்தேன், மதிப்பெண்ணும் வாங்கினேன். அந்த 'உண்டு, இல்லை'களில் பாதிக்கு மேல் ஒரே காரணத்தில் போய் முடிகின்றன என்று எனக்குப் புரிந்தது மிகவும் தாமதமாகத்தான். புரியவைத்தது ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகள், மைக்ரோஸ்கோப்பில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டே கேட்ட ஒரு கேள்வி.

நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது ஊதா நிற வெங்காயத்தின் தோல். இதழின் வெளிப்பக்கத்தில் நிறம் நன்றாக இருக்கும் இடத்தில் பிளேடால் லேசாகக் கீறி, இடுக்கியால் பிடித்து இழுத்தால் கண்ணாடிக் காகிதம் போல ஒரு படலம் உரிந்து வரும். ஒரு சொட்டு நீரில் விரித்து, காற்றுக் குமிழி விழாமல் கவர் ஸ்லிப்பைச் சாய்த்து இறக்கினால் போதும். செங்கல் அடுக்கியதுபோல நீள நீளமான கட்டங்கள், ஒவ்வொன்றும் விளிம்புவரை ஊதா. அந்த ஊதா நிறம் முழுக்க நுண்குமிழுக்குள் இருக்கும் சாறு. படத்தில் செல்லின் நடுவே ஒரு வட்டமாகப் போட்டுவிட்டுப் போகும் அதே நுண்குமிழ்தான் இங்கே கிட்டத்தட்ட செல் முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்கிறது. முதிர்ந்த தாவர செல்லில் அது 80, 90 சதவீத இடத்தைப் பிடித்துக்கொள்வது சாதாரணம். சைட்டோபிளாசம், உட்கரு எல்லாம் சுவரோரமாக ஒதுங்கி ஒரு மெல்லிய பூச்சாக இருக்கும்.

அப்புறம் கவர் ஸ்லிப்பின் ஒரு ஓரத்தில் உப்புக் கரைசல் ஒரு சொட்டு வைத்து, எதிர் ஓரத்தில் மை ஒற்றும் தாளை ஒட்டினாற்போல் வைத்தேன். தாள் நீரை உறிஞ்ச உறிஞ்ச, உப்பு நீர் அடியில் ஊர்ந்து வரும். ஓரிரு நிமிடம் ஒன்றும் நடக்காது. அதற்குப் பிறகு செல்லின் மூலைகளிலிருந்து ஊதா நிறம் பின்வாங்கத் தொடங்கும். முதலில் நான்கு மூலைகளும் வெளுக்கும், பிறகு பக்கங்கள், கடைசியில் கட்டத்தின் நடுவே அடர்ந்த ஊதாவில் ஓர் உருண்டை மட்டும் நிற்கும். கட்டம் அப்படியே இருக்கும். பிளாஸ்மா சிதைவு என்று பாடத்தில் வருவது இதுதான்.

இந்தச் சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் செல் சவ்வு எங்கே இருக்கிறது என்று சாதாரண மைக்ரோஸ்கோப்பில் கண்ணால் பார்க்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை. சவ்வின் தடிமன் 7, 8 நானோமீட்டர்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் அதைப்போல லட்சத்துக்கு மேல் அடுக்கலாம். நேராகப் பார்க்க வழியே இல்லை. ஆனால் ஊதா உருண்டை சுவரைவிட்டு விலகும்போது, இதோ இந்த விளிம்பில்தான் சவ்வு இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டலாம். சுவருக்கும் சவ்வுக்கும் நடுவில் அப்போது என்ன இருக்கிறது என்று கேட்டால் பலரும் வெற்றிடம் என்பார்கள். அங்கே இருப்பது உப்புக் கரைசல். செல்லுலோஸ் சுவர் அதைத் தடுக்கவே தடுக்காது. யாரை உள்ளே விடுவது என்று முடிவு செய்வது சவ்வு மட்டுமே.

வெளியே உப்பு அதிகம், அதனால் உள்ளே இருந்த தண்ணீர் வெளியே போய்விட்டது, இதற்குத்தான் சவ்வூடு பரவல் என்று பெயர் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"அப்படின்னா மாமா, முதல்ல சாதா தண்ணியில இருந்தப்ப தண்ணி உள்ளதானே போயிருக்கணும்? போய்க்கிட்டே இருந்தா வெடிச்சிடாதா?"

வெடித்துவிடும். சரியாக அதுதான் நடக்க வேண்டும்.

ஒரு செல்லுக்குள் புரதங்கள், ஆர்.என்.ஏ., டி.என்.ஏ. எனப் பெரிய மூலக்கூறுகள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. பாடப் படத்தில் காலியாக விடப்படும் அந்த வெள்ளை இடம் உண்மையில் திருவிழாக் கூட்டம் மாதிரி இருக்கும். இவை சவ்வைத் தாண்டி வெளியே போக முடியாதவை. பெரும்பாலும் எதிர் மின்சுமை கொண்டவை என்பதால் தங்களுக்கு ஈடாக நேர்மின் அயனிகளையும் பக்கத்திலேயே பிடித்து வைத்துக்கொள்கின்றன. ஆக, உள்ளே கரைந்திருப்பவை எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். தண்ணீரோ சவ்வின் வழியாக வந்து போகக்கூடியது. பல செல்களில் அதற்கென்றே புரத வாசல்கள் இருக்கின்றன. அக்வாபோரின் எனப்படும் அந்த வாசலைக் கண்டறிந்ததற்காகத்தான் பீட்டர் ஆக்ருக்கு 2003ல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. எனவே உயிரோடு இருக்கும் எந்தச் செல்லுக்கும், அது மரமோ மனிதனோ பாக்டீரியாவோ, ஒரு தலைவலி பொது: தண்ணீர் உள்ளே வரப் பார்த்துக்கொண்டே இருக்கும், விட்டால் உப்பி வெடிக்கும். மூன்று வகைச் செல்களும் இதற்கு எப்படி ஈடுகொடுக்கின்றன என்று பார்த்தால் அந்த அட்டவணை தானாக நிரம்பும்.

தாவரத்தின் பதில் பிடிவாதமான பதில். வரட்டும், எவ்வளவு வேண்டுமானாலும் வரட்டும், சுற்றிலும் நான் சுவர் கட்டிவிடுகிறேன். செல்லுலோஸ் இழைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிய சுவர் அது. தண்ணீர் உள்ளே புகுந்து சவ்வைச் சுவரோடு அழுத்தும், சுவர் திருப்பி அழுத்தும், ஓர் இடத்தில் இரண்டும் சமமாகி நிற்கும். இந்த விறைப்பழுத்தம் எவ்வளவு என்று முதன்முதலில் படித்தபோது நான் திரும்பத் திரும்பப் படித்தேன். கார் டயரில் நாம் அடிக்கும் காற்றின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போலச் சுமார் 2 மடங்கு. நன்றாக நீர் பிடித்த தாவர செல்லுக்குள் 5 முதல் 10 மடங்கு வரை இருக்கும். எலும்பு இல்லாத ஓர் இளந்தண்டு நிமிர்ந்து நிற்பது இந்த அழுத்தத்தால்தான். தண்ணீர் இல்லாவிட்டால் செடி துவள்கிறதே, அது கோடிக்கணக்கான டயர்களில் காற்று இறங்குவது. தொட்டாற்சிணுங்கியைத் தொட்டதும் இலை மடிவதும், இலைத்துளைகள் திறந்து மூடுவதும் இதே வேலை, சில செல்கள் நீரைச் சட்டென்று விடுவதும் பிடிப்பதும்தான்.

அந்தப் பெரிய நுண்குமிழின் ரகசியமும் இங்கேதான் இருக்கிறது. அதைச் 'சேமிப்புக் கிடங்கு' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது எனக்கு எப்போதும் ஏமாற்றமாக இருக்கும். ஒரு செல் பெரிதாக வேண்டுமானால் புரதமும் கொழுப்பும் உற்பத்தி செய்து நிரப்ப வேண்டும், அதற்குச் செலவு ஏராளம். தாவரம் கண்டுபிடித்த வழி வேறு: சுவரைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, நுண்குமிழில் தண்ணீரை நிரப்பி ஊதிப் பெரிதாகிவிடுவது. முளை ஒன்று ஒரே இரவில் அவ்வளவு நீளுகிறதே, அதில் பெரும்பகுதி தண்ணீரால் வந்த வளர்ச்சி. இவ்வளவு மலிவாக இவ்வளவு உயரம் போக வேறு யாராலும் முடியவில்லை.

மனிதன் முதலில் பார்த்ததும் இந்தச் சுவரைத்தான். 1665ல் ராபர்ட் ஹூக் தக்கையைச் சீவி மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, சின்னச் சின்ன அறைகள் போலத் தெரிந்ததால் 'செல்' என்று பெயர் வைத்தார். அவர் பார்த்தபோது அந்த அறைகளில் குடியிருந்தவர்கள் எப்போதோ போய்விட்டார்கள். வெறும் சுவர். அந்தப் பெயர் சுவரே இல்லாத நம் செல்களுக்கும் ஒட்டிக்கொண்டது ஒரு விசித்திரம்.

நம் செல்கள், அதாவது விலங்கு செல்கள், சுவர் கட்டவில்லை. பதிலாக ஓயாமல் இறைக்கின்றன. சவ்வு முழுக்கப் பதிந்திருக்கும் சோடியம் பொட்டாசியம் பம்ப் ஒவ்வொரு சுற்றுக்கும் 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. ஓட்டைப் படகில் உட்கார்ந்து தண்ணீர் இறைப்பதுபோல, இங்கே தண்ணீருக்குப் பதில் உப்பு. உப்பை வெளியேற்றிக்கொண்டே இருந்தால் தண்ணீரும் அளவோடு நிற்கும். இந்தப் பம்பை 1957ல் கண்டுபிடித்த ஜென்ஸ் ஸ்கோ, நாற்பது ஆண்டுகள் கழித்து 1997ல் நோபல் பரிசு பெற்றார். ஒரு விலங்கு செல் செலவழிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்த ஒரு வேலைக்கே போகிறது, நரம்பு செல்களில் அதைவிட அதிகம். பம்ப் நின்றால் என்ன ஆகும் என்பது நோய்க்கூறு மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரியும். ரத்த ஓட்டம் தடைப்பட்டு ஆக்சிஜன் கிடைக்காத திசுவில் அவர்கள் பார்க்கும் முதல் மாற்றங்களில் ஒன்று செல் வீக்கம். ஆற்றல் இல்லை, பம்ப் ஓடவில்லை, தண்ணீர் உள்ளே வந்துவிட்டது.

பம்ப் மட்டும் போதாது, சுற்றியிருக்கும் நீரும் தோதாக இருக்க வேண்டும். சிவப்பணுவை எடுத்துத் தூய நீரில் போட்டால் சில நொடிகளில் உப்பி உடைந்து, கலங்கலாக இருந்த நீர் தெளிந்த சிவப்பாகிவிடும். மருத்துவமனையில் சலைன் ஏற்றும்போது அது ஏன் 0.9 சதவீதம், அதாவது லிட்டருக்கு 9 கிராம் உப்பு என்று கணக்காக இருக்கிறது என்பதற்கு விடை இதுதான். நம் உடலில் அந்தக் கணக்கை இரவு பகலாகப் பார்த்துக்கொள்பவை சிறுநீரகங்கள். எனக்கு இப்படித் தோன்றுவதுண்டு: தாவரம் செல்லுக்கு ஒரு சுவர் கட்டிக்கொண்டது, நாம் எல்லாச் செல்களுக்கும் சேர்த்து இரண்டே இரண்டு சிறுநீரகங்களை வைத்துக்கொண்டோம். குளத்து நீரில் தனியாக வாழும் பாரமீசியத்துக்குச் சுவரும் இல்லை, சிறுநீரகமும் இல்லை. அது சுருங்கும் நுண்குமிழ்களை வைத்துக்கொண்டு உள்ளே வரும் நீரைச் சேர்த்துச் சேர்த்து வெளியே பீச்சுகிறது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் இதயம் துடிப்பதுபோலவே இருக்கும், கண்ணை எடுக்க மனம் வராது.

இவ்வளவு செலவு செய்து சுவர் இல்லாமல் இருப்பதில் என்ன லாபம் என்று அவள் கேட்டாள். லாபம் பெரிது. வளையலாம், நெளியலாம், நகரலாம். வெள்ளையணு ஒரு பாக்டீரியாவைத் துரத்திப் போய்ச் சுற்றி வளைத்து விழுங்குகிறது, சுவருக்குள் அடைபட்ட செல்லால் அது முடியுமா? தசை சுருங்குவதும், கருவில் செல்கள் இடம் மாறி மாறி ஓர் உடம்பை உருவாக்குவதும் சவ்வு வெறுமனே இருப்பதால் நடப்பவை.

சரி, பாக்டீரியா. இதற்கு இன்னொரு ஸ்லைடு போட்டோம். பல்குச்சியால் கன்னத்தின் உட்பக்கத்தை லேசாகச் சுரண்டி, ஸ்லைடில் தேய்த்து, மெத்திலீன் நீலம் ஒரு சொட்டு. இந்தச் சோதனையைப் பள்ளியில் எல்லோரும் செய்கிறார்கள், விலங்கு செல்லைப் பார்ப்பதற்காக. தட்டையான, ஓரம் மடிந்த, ஒழுங்கில்லாத வடிவம், நடுவில் கருநீலமாக உட்கரு. அதைப் படம் வரைந்ததும் ஸ்லைடைக் கழுவிவிடுவார்கள். கொஞ்சம் பொறுத்து, 400 மடங்கில் நுண்திருகை மெதுவாகத் திருப்பினால், அதே கன்னச் செல்லின் மேல் நீலப் புள்ளிகள் தெரியும். சில ஒற்றையாக, சில மணி கோத்ததுபோல வரிசையாக. அவை வாயில் வாழும் பாக்டீரியாக்கள். பாக்டீரியாவை 1 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் அந்தக் கன்னச் செல் அரை மீட்டருக்கு மேல் இருக்கும். மைக்ரோஸ்கோப் முன்னோடி லேவன்ஹுக் 1683ல் தன் பல்லில் படிந்திருந்ததைச் சுரண்டிப் பார்த்து, குட்டி விலங்குகள் ஓடுகின்றன என்று வியந்து கடிதம் எழுதினாரே, அவர் பார்த்த கூட்டத்தின் வாரிசுகள். விலங்கு செல்லையும் பாக்டீரியாவையும் அக்கம்பக்கமாக ஒரே பார்வையில் பார்க்க இந்த ஸ்லைடு போதும், தயவுசெய்து அதை உடனே கழுவாதீர்கள்.

பாக்டீரியா செல்லும் சுவர் கட்டியிருக்கிறது. அட்டவணையில் தாவரத்துக்கும் பாக்டீரியாவுக்கும் நேரே 'உண்டு' என்று ஒரே வார்த்தை போட்டுவிடுகிறோம், ஆனால் இரண்டும் வேறு வேறு பொருள். பாக்டீரியாவின் சுவர் பெப்டிடோகிளைகான், சர்க்கரைச் சங்கிலிகளைக் குட்டிக் குட்டி அமினோ அமிலத் துண்டுகளால் குறுக்கே கட்டிய வலை. ஒவ்வொரு முடிச்சும் வேதிப் பிணைப்பு என்பதால், செல்லை மூடியிருக்கும் அந்தப் பை முழுவதையும் ஒரே மூலக்கூறு என்றே சொல்லலாம். 1884ல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் கண்டுபிடித்த சாயச் சோதனை இந்தச் சுவரைத்தான் பதம் பார்க்கிறது. வலை தடிமனாக இருந்தால் ஊதாச் சாயம் ஆல்கஹாலால் கழுவியும் போகாது. மெல்லிய வலையும் அதற்கு மேல் இன்னொரு சவ்வும் இருந்தால் கழுவிக்கொண்டு போய்விடும்.

பாக்டீரியா வளர வேண்டுமானால் இந்தப் பையை வெட்டித் திறந்து புதிய இழைகளைச் செருகி மறுபடி கட்ட வேண்டும், உள்ளே அழுத்தம் முட்டிக்கொண்டிருக்கும்போதே. பெனிசிலின் புகுந்து கெடுப்பது இந்த இடத்தை. குறுக்கு முடிச்சுப் போடும் நொதியை அது பிடித்து நிறுத்திவிடும். வெட்டும் வேலை தொடர்கிறது, கட்டும் வேலை நின்றுவிட்டது. சுவரில் ஓட்டை விழும், தண்ணீர் உள்ளே பாயும், செல் வெடிக்கும். 1928ல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் பூஞ்சையைச் சுற்றிப் பாக்டீரியாத் திட்டுகள் கரைந்து தெளிந்திருந்ததைப் பார்த்தாரே, அது இப்படி நடந்ததுதான். கொன்றது தண்ணீர் என்றால் தண்ணீரை நிறுத்தினால் பிழைக்க வேண்டுமே? 1956ல் ஜோஷுவா லெடர்பர்க் அதைச் செய்து காட்டினார். அடர்த்தியான சர்க்கரைக் கரைசலில் பெனிசிலின் கொடுத்தபோது ஈ. கோலை என்ற பாக்டீரியா வெடிக்கவில்லை. குச்சி வடிவம் போய் உருண்டையாகி உயிரோடு இருந்தது. நீர்க்கச் செய்ததும் உடைந்தது. குச்சி வடிவமே சுவரின் வேலை என்பதும் இதில் தெரிகிறது. இத்தனை அழகான சோதனைகள் அதிகம் இல்லை என்பேன்.

நம் செல்லில் சுவர் இல்லை, அதனால் பெனிசிலினுக்கு அங்கே பிடிக்க எதுவும் இல்லை. தாவரச் சுவர் செல்லுலோஸ். பெனிசிலினைத் தயாரிக்கும் பூஞ்சைக்கும் சுவர் உண்டு, ஆனால் அது கைட்டின், அதனால் தன் மருந்தால் தானே சாவதில்லை. சுவரே இல்லாத பாக்டீரியாவும் உண்டு, மைக்கோபிளாஸ்மா. அது நுரையீரலில் தொற்றினால் பெனிசிலினால் பயனில்லை, மருத்துவர் வேறு வகை மருந்துதான் எழுதுவார்.

உட்கருவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாக்டீரியாவுக்கு உட்கரு இல்லை என்று சொல்லும்போதே 'வளர்ச்சியடையாத செல்' என்று ஒரு பட்டத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறோம், அதை நான் ஏற்கவில்லை. ஈ. கோலையின் நீளம் 2 மைக்ரோமீட்டர். அதன் டி.என்.ஏ.வை நீட்டினால் ஒன்றரை மில்லிமீட்டர். தன்னைப்போல ஏழு நூறு மடங்குக்கு மேல் நீளமான நூலைச் சிக்கல் விழாமல் சுருட்டி வைத்துக்கொண்டு, வசதியான சூழலில் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பிரிகிறது. அந்த நூலை ஒரு முறை நகலெடுக்கவே 40 நிமிடம் ஆகும். பிறகு எப்படி 20 நிமிடத்தில்? ஒரு நகல் முடியும் முன்பே அடுத்த நகலைத் தொடங்கிவிடும். பிறக்கும் செல்லுக்குள் அதன் பிள்ளைக்கான வேலை ஏற்கெனவே பாதி நடந்திருக்கும். உட்கரு என்ற தடுப்பு இல்லாததால், மரபுச் செய்தி படியெடுக்கப்பட்டுக்கொண்டிருக்கும்போதே ரைபோசோம் அதில் ஏறிப் புரதம் செய்யத் தொடங்கிவிடுகிறது. இந்த வேகம் நம் செல்களுக்குக் கிடையாது.

தாவரத்துக்குப் பசுங்கணிகம், விலங்குக்கு மைட்டோகாண்ட்ரியா என்று பிரித்து எழுதும் பிழையையும் பலரிடம் பார்த்திருக்கிறேன். தாவரத்தில் இரண்டும் உண்டு. (வெங்காயத் தோலில் பச்சையைத் தேடாதீர்கள், அது மண்ணுக்கடியில் இருட்டில் வளர்ந்த பகுதி. பசுங்கணிகம் பார்க்க ஹைட்ரில்லா இலை ஒன்று போதும், பச்சை மணிகள் சுவரோரமாகச் சுற்றி வருவதையும் சேர்த்துப் பார்க்கலாம்.) இந்த இரண்டு உறுப்புகளும் ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியாக்கள். 1967ல் லின் மார்குலிஸ் இதை விரிவாக எழுதியபோது பல ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பின. இன்று சந்தேகமே இல்லை, அவற்றுக்கென்று தனி டி.என்.ஏ. இருக்கிறது, பாக்டீரியா வகை ரைபோசோம்கள் இருக்கின்றன. பழைய சுவர் என்ன ஆனது? இன்னொரு செல்லுக்குள் குடிவந்த பிறகு அதற்குத் தேவையில்லை, மைட்டோகாண்ட்ரியா அதை முழுக்க விட்டுவிட்டது. ஆனால் கிளாக்கோஃபைட் என்னும் நுண்பாசிகளில் பசுங்கணிகத்தைச் சுற்றி இன்றைக்கும் பெப்டிடோகிளைகான் சுவர் இருக்கிறது. வந்த வீட்டில் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகியும் கழற்றாத பழைய சட்டை.

இதையெல்லாம் பேசி முடித்துத் திரும்பும்போது வெங்காய ஸ்லைடு ஓரத்தில் காயத் தொடங்கியிருந்தது. அதை மறுபடி மேடையில் வைத்து, இந்த முறை ஓரத்தில் சாதா தண்ணீர் விட்டு, எதிர்ப்பக்கம் புதிய தாளை வைத்தோம். அவள் நோட்டில் ஏற்கெனவே வரைந்திருந்தாள்: வெளியே செவ்வகமாகச் சுவர், உள்ளே தள்ளி ஓர் உருண்டை. மூன்று நான்கு நிமிடத்தில் ஊதா விரியத் தொடங்கியது, முதலில் பக்கங்களைத் தொட்டது, பிறகு மெதுவாக மூலைகளுக்குள் போனது. சில செல்கள் மட்டும் நிறம் கலைந்து அப்படியே கிடந்தன, சவ்வு கிழிந்துவிட்டவை. அவற்றைத் தனியாகக் குறித்துக்கொண்டாள். மற்றதில் ரப்பரை எடுத்து உருண்டையை அழித்து, சுவரை ஒட்டி, நடுவில் இடைவெளியே இல்லாமல் இன்னொரு கோடு வரைந்தாள்.